3.15-க்குப் போட்ட கோடு

"அட்டர்னி ஜெனரலே வேண்டாம்னு சொல்லிட்டார், அதுக்கு மேல கோர்ட்டுக்கு என்ன வேலை?" இப்படிக் கேட்கிறவங்களுக்காக இங்கிலாந்தில் நடந்த ஒரு கதை. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரம், ஹில்ஸ்பரோ மைதானம். கால்பந்து பார்க்க வந்த லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கினார்கள். இறந்தவர்களில் ஒருவன் கெவின் வில்லியம்ஸ். வயசு 15.

மரண விசாரணை நடத்திய கொரோனர் ஒரு கோடு போட்டார். மதியம் 3.15-க்குப் பிறகு நடந்த எதையும் விசாரிக்க மாட்டார். ஏன்னா, அதுக்குள்ள எல்லாருக்கும் பிழைக்கவே முடியாத பாதிப்பு வந்துடுச்சாம்.

டாக்டரா சொல்றேன், படிச்சப்ப தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சு நசுங்கி மூச்சடைச்சவங்க எல்லாரும் ஒரே நிமிஷத்துல போறதில்லைங்க. அழுத்தம் விலகின பிறகும் சிலருக்கு நாடி இருக்கும். மூச்சுப்பாதையைத் திறந்து வெச்சாலே சிலர் பிழைப்பாங்க. கெவின் 4 மணி வாக்கில் "அம்மா" என்று சொன்னதாக ஒரு பெண் காவலர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். 3.15-க்கே கதை முடிஞ்ச பையன் 4 மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவானா?

அந்த அம்மா, ஆன் வில்லியம்ஸ், மற்ற சில குடும்பங்களோடு கோர்ட்டுக்குப் போனார். 1993-ல் தள்ளுபடி. மிச்சம் இருந்தது ஒரே வாசல். 1988 கொரோனர் சட்டம், பிரிவு 13. புது விசாரணை கேட்டு உயர் நீதிமன்றம் போகணும்னா அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் வேணும். மூணு முறை கேட்டார். மூணு முறையும் மறுப்பு.

அட்டர்னி ஜெனரல் நீதிபதி இல்லை. அரசின் சட்ட அதிகாரி, பெரும்பாலும் ஆளுங்கட்சி அரசியல்வாதி. நீதிபதி தப்பு பண்ணா அப்பீல் உண்டு. இவர் "முடியாது"ன்னா அப்பீல் கிடையாது. சீராய்வு கேட்கலாம், ஆனா கோர்ட் அதில் தலையிட ரொம்பவே தயங்கும். ஆயுத நிபுணர் டேவிட் கெல்லியின் மரணத்துக்கு முறையான மரண விசாரணை வேணும்னு 2011-ல் கேட்டப்பவும் மறுப்புதான். அதை எதிர்த்து டேவிட் ஹால்பின் என்ற ஓய்வுபெற்ற சர்ஜன் கோர்ட்டுக்குப் போய்த் தோத்தார். கெல்லியின் மரணம் தற்கொலை இல்லைங்கிற அவர் கட்சியில நான் இல்லை. ஆனா கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.

"வடிகட்டி இல்லாட்டி கண்ட கேஸும் வருமே?" வரட்டும்னு சொல்லல. ஆபரேஷன் வேண்டாம்னு நான் சொன்னா நீங்க இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம். இவர் சொன்னா யாரைப் பார்க்கிறது?

2012-ல் சுயாதீனக் குழு ஒன்று ஆவணங்களை ஆராய்ந்தது. 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றது. அப்புறம்தான் அன்றைய அட்டர்னி ஜெனரல் தானே உயர் நீதிமன்றம் போனார். டிசம்பர் 19 அன்று பழைய தீர்ப்பு ரத்து. இத்தனைக்கும் அந்தக் காவலரின் வாக்குமூலம் 1989-லேயே இருந்தது!

ஆன் வில்லியம்ஸ் 2013 ஏப்ரல் 18 அன்று புற்றுநோயில் இறந்துட்டாங்க. 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொன்னது 2016-ல்.