நாட்டார் பாடலின் தோன்றா எழுவாய்

ஒரு பாடலை 'நாட்டார் இசை' என்று புகழ்வது, அதைப் படைத்தவரின் பெயரை மறைப்பதற்கான மிக நாகரிகமான வழி. தமிழ்ச் சுயாதீன இசைக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த வரவேற்பே இதற்குச் சான்று.

2019இல் அறிவும் ஆஃப்ரோவும் இணைந்து 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். அது ராப். ஆகவே அதன் சொற்கள் எவருடையவை என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாள் என்னும் பாட்டியின் வாழ்வு அதன் ஊற்று. அவர் அறிவின் பாட்டி. அப்பாடல் 'மண்ணின் இசை' ஆனது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவரின்றியே பாடல் ஒலித்தது. இசையமைப்பில் எவர் பங்கு எவ்வளவு என்பதில் படைப்பாளிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புக் கூறுவது இங்கு நோக்கமன்று. குற்றச்சாட்டு விமரிசன மொழியின் மீதே.

அம்மொழியின் இலக்கணம் எளிது. "மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது", "மரபிலிருந்து உருவாக்கப்பட்டது" என்று அது எழுதும். எடுத்தவர் யார், முதலில் பாடியவர் யார் என்று வாக்கியம் சொல்லாது. தோன்றா எழுவாய் தமிழுக்கு இயல்பே. ஆனால் கேட்டால் அந்த எழுவாயைச் சொல்லிவிட முடியும். விமரிசகரிடம் கேட்டால் "மக்கள்" என்பார். மக்களுக்கு அட்டைப்படமும் இல்லை, உரிமத்தொகையும் இல்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதிசெய்கிறது. ஆசிரியர் இல்லை என்று முத்திரையிடப்பட்ட பாடலுக்கு அப்பாதுகாப்பு எட்டாது.

"நாட்டார் மரபு பொதுச்சொத்து, அதில் தனிமனிதப் பெயரைத் தேடுவது முதலாளியப் பார்வை" என்று மறுப்பர். கேட்க அழகான வாதம்தான். ஆனால் ஒப்பாரி பாடும் பெண் மனப்பாடத்தை ஒப்பிப்பதில்லை. இறந்தவரின் பெயரையும் உறவையும் வைத்து அங்கேயே அடி கட்டுகிறாள். வடிவம் பொது, அடிகள் அவளுடையவை. பெங்களூரிலேயே மாற்று முன்மாதிரி உண்டு: ரகு தீட்சித் பாடும் கன்னடப் பாடல்களைப் பற்றிய பேச்சில் ஷிஷுநாள ஷரீபரின் பெயர் உடன்வருகிறது. அவர் மறைந்தது 1889இல். அதனால் அப்பாடல்களின் நாட்டார் தன்மை குறைந்துவிடவில்லை.

சிவாஜிநகரில் இது வெறும் ஏட்டு வாதமன்று. 1809இல் அமைந்த கண்டோன்மெண்டுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து படையோடும் கூலிவேலைக்கும் தமிழர் வந்தனர். அதே நூற்றாண்டில்தான் தமிழ்க் கூலிகள் இலங்கைத் தோட்டங்களுக்கும் கோலார் சுரங்கங்களுக்கும் சென்றனர். வள்ளியம்மாளின் கதை ரஸல் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளுக்கு அந்நியக் கதையன்று. தக்கணி உருதும் கன்னடமும் கலந்த இப்பகுதித் தமிழைக் 'கொச்சை' என்று ஒதுக்குவோரே, அது மேடையேறினால் 'மண்வாசனை' என்று மெச்சுவர். இரண்டிலும் பேசியவருக்குப் பெயரில்லை.

2024இல் அறிவு தம் அடுத்த தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். மறைந்த எழுவாயை அவர் தலைப்பிலேயே நிறுத்தினார். ஆனால் சர்ச்சைக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியவர்கள் தொகுப்புக்கு அவ்வளவு இடம் தரவில்லை. பெயரோடு வரும் நாட்டார் கலைஞரை எங்கே வைப்பதென்று அவர்களது சொற்களஞ்சியத்துக்குத் தெரியவில்லை.

கோரிக்கை ஒன்றுதான். இனி 'நாட்டார்' என்று எழுதும் எவரும் அடுத்த வரியிலேயே எந்த ஊர், எவர் குரல், எவர் சொல் என்று எழுதட்டும். அறிய முயன்றும் கிட்டாதபோது மட்டுமே 'மக்கள்' என்று எழுதலாம்; தேடாமலே எழுதுவது அபகரிப்புக்குத் துணைபோவது.