நோயின் வேரைக் காட்டும் பட்டியல்!

நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. விஞ்ஞானிகள் இவற்றைச் 'சிலியா' என்கிறார்கள்.

காற்றில் ஆடும் நெற்பயிரைப் போல இவை ஓயாமல் அசைகின்றன. தூசியையும் சளியையும் மேலே தள்ளுகின்றன.

அசைவு நின்றால்? சளி தங்கிவிடும். பிறந்த நாள் முதல் இருமல் விடாது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும்! கருவில் இடம் வலம் அமைவதற்கும் சிலியா வேண்டும்.

சிறுநீரகத்திலும் கண்ணிலும் வேறு வகைச் சிலியா உண்டு. அவை கெட்டால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றலாம், பார்வை மங்கலாம்.

20 ஆயிரத்தில் எவை?

சிலியாவை அமைப்பவை மரபணுக்கள். தாய் தந்தையிடமிருந்து நமக்கு வருபவை. புரதத்தை உண்டாக்கும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 20 ஆயிரம். அவற்றில் சிலியாவுக்கு உரியவை எவை?

கம்ப்யூட்டர் கணித்த பட்டியல்கள் முன்பே இருந்தன. ஆனால், அவற்றில் உண்மையும் ஊகமும் கலந்திருந்தன.

ஐரோப்பாவில் 'சிஸ்சிலியா' என்ற ஆராய்ச்சிக் கூட்டணி இந்த வேலையில் இறங்கியது. வெளிவந்த ஆராய்ச்சிகளை நிபுணர்கள் அலசினார்கள். ஆதாரம் உள்ள பெயர்களை மட்டும் சேர்த்தார்கள். 2013-ல் பட்டியல் வெளியாயிற்று. அதில் இருந்தவை 303 மரபணுக்கள்!

உரைகல்

இதனால் என்ன பயன்?

பொன்னைச் சோதிக்க உரைகல் வேண்டும் அல்லவா? அதுபோல, புதிய கணிப்பு சரியா என்று சோதிக்க இந்தப் பட்டியல் உதவுகிறது.

டாக்டர்களுக்கும் பயன் உண்டு. நோயாளியின் மரபணுக்களைச் சோதித்தால் ஆயிரக்கணக்கான மாறுதல்கள் தென்படும். பெரும்பாலானவை தீங்கற்றவை. நோய்க்குக் காரணம் எது? எங்கே முதலில் தேடுவது என்பதைப் பட்டியல் காட்டுகிறது.

பட்டியலில் தவறான பெயர் புகுந்தால் ஆபத்து. தீங்கற்ற மரபணுமீது பழி விழும்; உண்மைக் காரணம் தப்பிவிடும். அடுத்த குழந்தைக்கும் இந்த நோய் வருமா என்று கேட்கும் பெற்றோருக்குத் தவறான பதில் கிடைக்கும்.

வளரும் பட்டியல்

2021-ல் பட்டியல் திருத்தி வெளியிடப்பட்டது. பெயர்கள் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டன! எட்டு ஆண்டுகளில் ஆராய்ச்சி அவ்வளவு வளர்ந்திருக்கிறது.

ஆகவே, 'காரணம் தெரியவில்லை' என்று சோதனை சொன்னால் அதுவே முடிவல்ல. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தால் விடை கிடைக்கலாம்.

பட்டியல் நோயைக் குணமாக்காது. ஆனால், நோயின் வேர் தெரிந்தால்தானே மருந்தைத் தேட முடியும்?