எல்லா மீடியாவும் சேர்ந்து ஒரு தேர்தல் திருட்டை மறைக்க முடியுமா?

"மீடியா எல்லாம் சேர்ந்து ரிசல்ட்டை மாத்திட்டாங்க!" தேர்தல் முடிந்தாலே கேட்கும் குரல் இது. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் தோற்றபோது அது உச்சத்துக்குப் போனது. டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் டிரம்ப்பின் ஓட்டுகளை பைடனுக்கு மாற்றின, மீடியா அதை மூடி மறைத்தது என்பதுதான் கதை. இது நடக்கக்கூடிய காரியமா? மூணு கேள்விகள் போதும்.

சரிபார்க்க வழி இருந்ததா?

இருந்தது. டொமினியன் இயந்திரங்கள் பயன்படுத்தப்பட்ட ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் காகித வாக்குச்சீட்டுகள் கையால் எண்ணப்பட்டன. பைடன்தான் ஜெயித்தார். அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில், குடியரசுக் கட்சி வசமிருந்த மாநில செனட்டே மறு எண்ணிக்கைக்கு ஏற்பாடு செய்தது. அதில் பைடனின் முன்னிலை 360 ஓட்டுகள் கூடியது!

எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருக்கணும்?

அங்கே தேர்தலை ஒரே ஆணையம் நடத்துவதில்லை. ஆயிரக்கணக்கான உள்ளாட்சி அலுவலகங்கள் நடத்துகின்றன. அத்தனை ஊழியர்களும், ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் சேனல்களும் சேர்ந்து ரகசியம் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும், அரிசோனாவில் பைடன் வெற்றி என்று முதலில் அறிவித்த பெரிய சேனல், டிரம்ப் ஆதரவாளர்கள் விரும்பிப் பார்க்கும் ஃபாக்ஸ் நியூஸ்தான்.

யாருக்கு லாபம்?

அதே ஃபாக்ஸ் பிறகு மோசடிக் கதையையும் ஒளிபரப்பியது. டொமினியன் அவதூறு வழக்குப் போட்டது. பல தொகுப்பாளர்களும் நிர்வாகிகளும் அந்தக் கதையை நம்பவே இல்லை என்பது, அவர்களுடைய மெசேஜ்கள், மின்னஞ்சல்கள் வழியாகவே கோர்ட்டில் வெளிவந்தது. பார்வையாளர்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்களோ என்ற பயமும் அவற்றில் தெரிந்தது. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது.

ஒரு சேனலால் தன் சொந்த மெசேஜ்களையே மறைக்க முடியவில்லை. ஒட்டுமொத்த மீடியாவும் ஒரு தேர்தல் திருட்டை மறைத்தது என்பதை எப்படி நம்புவது?

மீடியாவைச் சந்தேகப்படுங்க, தப்பே இல்லை. ஆனால் ரகசியச் சதியைத் தேடும் நேரத்தில், பார்வையாளருக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் வியாபாரம் கண்ணில் படாமல் போகிறது. அடுத்த முறை 'மீடியா மறைத்த உண்மை' என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், ஷேர் பண்ணும் முன் இந்த மூணு கேள்விகளையும் கேட்டுப் பாருங்க.