உனக்கா அவசரம்?

பெற்றோர்களுக்கும், வணக்கத்திற்குரிய அருட்சகோதரியருக்கும், அன்புத் தோழியருக்கும் முன்னால் பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருச்சிச் சாலைகளில் தலைதெறிக்க ஓடும் வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், பேருந்து ஓட்டுநர்களையும் கல்லூரி இளைஞர்களையும் குறை சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் காலை வேளையில் காவிரிப் பாலத்தில் பறக்கும் ஸ்கூட்டர்களின் பின் இருக்கையில் அமர்ந்து, "அப்பா, சீக்கிரம்! மணி அடிச்சிடும்!" என்று முதுகைத் தட்டுபவர்கள் யார்? நாங்கள்தாம்.

சென்ற பருவத்தில் எங்களுள் ஒருத்திக்கு நேர்ந்தது இது. அவள் வீடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. அன்று சீருடை ரிப்பன் ஒன்று காணாமற்போய், கிளம்பும்போதே நேரமாகிவிட்டது. மாம்பழச்சாலையைத் தாண்டிப் பாலம் ஏறியதும் வழி காலியாகக் கிடந்தது. அவள் அவசரப்படுத்த, தந்தையும் வண்டியை விரட்டினார். பாலம் இறங்கிச் சிந்தாமணி அண்ணா சிலை அருகே, வேகத்தை அளக்கும் கருவியோடு நின்ற போக்குவரத்துக் காவலர் கையை நீட்டினார்.

"என்ன சார், இவ்வளவு வேகம்?"

"பிள்ளைக்கு ஸ்கூலுக்கு நேரமாயிடுச்சு சார்."

காவலர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உனக்கா அவசரம்?"

அவர் கடிந்து கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லை சார், நான்தான் கவனிக்கலை" என்று தந்தை முந்திக்கொண்டார். ஆயிரம் ரூபாய் அபராதம். பள்ளி வாயில் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "டிபன் பாக்ஸை எடுத்துக்கோம்மா" என்றார், அவ்வளவுதான். அவள் இதை எங்களிடம் சொல்லி அழுத அன்று, இப்படி அவசரப்படுத்தாதவர் யாரேனும் உண்டா என்று வகுப்பில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை.

அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பத்து நிமிடம். 50-இல் வந்தால் ஆறு நிமிடம். மிச்சம் நான்கு நிமிடம். அதையும் மெயின்கார்டு கேட் நெரிசல் விழுங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் ஏறத்தாழ அதே கணக்குத்தான். பாடத்தை விடைத்தாளோடு விட்டுவிட்டோம் போலும்!

வேகத்துக்காக வண்டியை நிறுத்துவது இன்று வந்த வழக்கமும் அன்று. 1896-இல் இங்கிலாந்தில் மணிக்கு எட்டு மைல் வேகத்தில் போன ஒருவரைக் காவலர் சைக்கிளிலேயே துரத்திப் பிடித்து ஒரு ஷில்லிங் அபராதம் வாங்கித் தந்தாராம்! ஆனால் எல்லாத் துரத்தலும் சிரிக்கத் தக்கதாக முடிவதில்லை. 2018 மார்ச் 7 அன்று நம் திருச்சி-தஞ்சைச் சாலையில், திருவெறும்பூர்ப் பக்கம், தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியரின் வண்டியை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திச் சென்று காலால் உதைத்தார் என்று வழக்குப் பதிவாகி, அவர் கைது செய்யப்பட்டார். பின்னால் அமர்ந்திருந்த மனைவி விழுந்து இறந்துபோனார். மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையை மறித்தனர். தலைக்கவசம் இல்லை என்பதற்கு உயிரா விலை? கை நீட்டினால் நிற்க வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, நிற்காதவரின் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும் என்பதும் அவ்வளவு உண்மை. சிந்தாமணியில் நின்ற காவலரைப் போல் எல்லாரும் கேட்டால், நிற்க அஞ்சுவோர் குறைவர் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எங்களுள் சிலர் தாமே ஸ்கூட்டர் ஓட்டி வந்து, அருட்சகோதரியர் கண்ணில் படாமல் இரண்டு தெரு தள்ளி நிறுத்துகிறோம். பதினாறு வயதில் கிடைக்கும் உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லா வண்டிக்கு மட்டுமே. எங்கள் வீடுகளில் உள்ளவை அதைவிடப் பெரியவை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியைக் கொடுக்கும் அம்மாக்களுக்கு இது தெரியுமா?

இனி எங்கள் வேண்டுகோள். 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம், பழுதுபார்ப்பதற்காக 2022 நவம்பரில் மூடப்பட்டு 2023 மார்ச்சில்தான் திறந்தது. அப்போது ஸ்ரீரங்கத்து மாணவியர் சென்னை நெடுஞ்சாலைப் பாலம் வழியே சுற்றி வந்தோம். அரை மணி முன்னதாகவே கிளம்பினோம். எவரும் எவர் முதுகையும் தட்டவில்லை. நேரம் தவறி வந்தவர்களையும் அருட்சகோதரியர் வாயிலில் நிறுத்தாமல், பக்கக் கதவு வழியாகச் செபக்கூடத்துக்குள் அனுப்பினார்கள். அந்தச் சலுகையை யாரும் கெடுத்துக்கொண்டதாக நினைவில்லை. பாலம் திறந்தது; பக்கக் கதவு மூடியது; முதுகைத் தட்டலும் திரும்ப வந்துவிட்டது.

முன்னதாகக் கிளம்புவது எங்கள் பொறுப்பு; அதற்கு வாக்குத் தருகிறோம். மணியை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பக்கக் கதவை மட்டும் பத்து நிமிடம் திறந்து வைக்கும்படி தலைமை அருட்சகோதரியை மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.