சட்டம் கொடுத்ததை ஆஸ்பத்திரி வாசலில் பறிப்பதா?

“புருஷன் பெயர் என்ன?”

சீட்டு எழுதுமிடத்தில் கேட்டது இந்த ஒரு கேள்விதான். பதில் சொல்ல வழியில்லாமல் அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிப்பவள், வயது பத்தொன்பது. தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து போகிறவள். தகப்பன் ஆலைத் தொழிலாளி, தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அடுத்த ஆஸ்பத்திரியில் “அப்பா அம்மாவைக் கூட்டி வா” என்றார்கள். மூன்றாவது இடம் தனியார் நர்சிங் ஹோம். அங்கே எந்தக் கேள்வியும் இல்லை, கேட்டது பணம் மட்டுமே. அவளிடம் ரயில் பாஸ்தான் இருந்தது.

கடைசியில் நம் தோழர் ஒருவரின் மனைவி கூடப் போய் நின்ற பிறகுதான் காரியம் நடந்தது. பத்தாவது வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது பதினாறாவது வாரத்தில் முடிந்தது. அந்தப் பருவப் பரீட்சை போயிற்று. சம்பந்தப்பட்ட பையனோ ஒரு பரீட்சையையும் விடவில்லை!

நாம் கேட்கிறோம்: எந்தச் சட்டத்தில் புருஷன் பெயர் கேட்கச் சொல்லியிருக்கிறது?

பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்கிறது கருக்கலைப்புச் சட்டம். தகப்பன் கையெழுத்தும் வேண்டாம், தாலியும் வேண்டாம். இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவு போதும். பெயரை வெளியே சொன்னால் ஒரு வருஷம் வரை ஜெயில். ஆனால் சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது; சீட்டு எழுதுகிறவர் வாசலில் இருக்கிறார்.

இந்தச் சட்டமும் பெண்ணை மதித்துப் பிறந்ததல்ல. 1971ல் பார்லிமெண்டு இதை நிறைவேற்றியபோது, கள்ளத்தனமான கருக்கலைப்பில் சாகும் தாய்மாரைப் பற்றிய கவலையோடு ஜனத்தொகைக் கவலையும் சேர்ந்திருந்தது. கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பம் என்ற சலுகையை ‘மணமான பெண், அல்லது அவள் புருஷன்’ என்றே எழுதி வைத்தார்கள். ‘பெண், அல்லது அவள் துணைவர்’ என்று திருத்துவதற்கு 2021 வரை ஐம்பது வருஷம் பிடித்தது. அப்போதும் விதிகளில் ஓர் ஓட்டை. 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை யாருக்கு அனுமதி என்ற பட்டியலில் விதவை உண்டு, விவாகரத்தானவள் உண்டு, கல்யாணமாகாதவள் இல்லை.

அந்த ஓட்டையில் சிக்கியவள் ஒரு விவசாயி வீட்டுப் பெண். வயது 25, பி.ஏ. படித்தவள், ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். கட்டிக்கொள்வதாகச் சொன்னவன் கைவிட்டான். பிள்ளையை வளர்க்க வருமானமில்லை என்று கோர்ட்டுக்குப் போனாள். 2022 ஜூலையில் டெல்லி ஹைக்கோர்ட்டு மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டு அதே மாதம் 21ந் தேதி அவளுக்கு வழிவிட்டது. செப்டம்பர் 29ந் தேதி, மணமானவள் மணமாகாதவள் என்று பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்றும் சொன்னது. அதே 2022 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தன் நாட்டுப் பெண்களுக்கு ஐம்பது வருஷமாக இருந்த உரிமையைப் பிடுங்கிக் கொண்டது. சோவியத் நாடு 1920லேயே, உலகில் முதன்முதலாக, இந்த உரிமையைக் கொடுத்தது. 1936ல் பறித்தது, 1955ல் திருப்பிக் கொடுத்தது. நடுவிலே நடந்தது தவறு. அதை நாம் பூசி மெழுகப் போவதில்லை.

இன்னொரு அநியாயம். 72 மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005லேயே மத்திய சர்க்கார் அனுமதித்தது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல ஆண்டுகளாக அதைத் தேடியவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். தடையுத்தரவு இல்லை, ஆனால் சரக்கும் இல்லை! கடைக்காரரின் பார்வையே தடையுத்தரவு.

முதலாளி வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. காரில் போவாள், சாயங்காலம் திரும்புவாள், ஊருக்குத் தெரியாது. ‘ஒழுக்கம் கெட்டது, காலேஜ் படிப்பால் வந்த வினை’ என்ற பிரசங்கமெல்லாம் நம் குடிசையைப் பார்த்துத்தான்.

வெட்கத்தோடு சொல்கிறோம், இந்தப் பிரசங்கம் நம் சங்கத்துக்குள்ளும் ஒலிக்கிறது. செய்தி தெரிந்ததும் அந்தத் தகப்பன் நம்மிடம் சொன்னது: “படிக்க வச்சதே தப்பு தோழர். நிறுத்திட்டு ஒரு இடம் பார்த்து முடிச்சிடறேன்.” போனஸ் போராட்டத்தில் போலீஸ் தடியடிக்குப் பயப்படாதவர் அவர்! நாம் ராத்திரி பதினோரு மணி வரை பேசினோம். பையனின் படிப்பை நிறுத்தச் சொல்லி யாராவது அவன் வீட்டுக்குப் போனார்களா என்று கேட்டோம். அவர் பதில் பேசவில்லை. மறுவாரம் மகளுக்கு ரயில் பாஸ் எடுத்துக் கொடுத்தார்.

பெற்றுக் கொள்வதாக முடிவு செய்கிறவளையும் காலேஜ் துரத்தக் கூடாது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் மாணவிகளுக்கு 60 நாள் பிரசவ லீவு கொடுத்தது. கேரளத்தில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நம் வட்டாரத்து சர்க்கார் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும், சீட்டு எழுதும் ஜன்னல் பக்கத்தில், ‘18 வயதானவருக்குத் தன் சம்மதமே போதும், பெயர் வெளியே போகாது’ என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்ட வேண்டும். அது வரும் வரை, துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சங்க ஆபீசுக்குச் சொல்லியனுப்புங்கள். பெண் தோழர் ஒருவர் கூட வருவார். புருஷன் பெயர் கேட்க மாட்டார்.