உச்சிவெயிலில் ஒரு வான்சாகசம்

போர்விமானத்தை முதன்முறையாகக் காண்பவர்கள் ஓசை வந்த திசையை நோக்கியே தலையைத் திருப்புகிறார்கள். அங்கே வெறும் ஆகாயந்தான் இருக்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தின் முழக்கம் நம் செவிக்கு எட்ட நாலு விநாடிக்கு மேல் ஆகிறபடியால், அதற்குள் விமானம் ஒரு கிலோமீட்டர் முன்னே போய்விடுகிறது. பெரியவர்கள் விழித்துக்கொண்டிருக்கையில், பிள்ளைகள் இந்தச் சூட்சுமத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டு, ஓசைக்கு முன்னால் விரலை நீட்டி, "அதோ பாருங்கப்பா" என்று காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவை முன்னிட்டு, 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினா கடற்கரையில் 72 விமானங்கள் பங்குகொண்ட காட்சியில் இத்தகைய ஆனந்தங்களுக்குக் குறைவில்லை. ரஃபேலும் சுகோயும் தேஜஸும் ஆகாயத்தைக் கிழித்துக்கொண்டு போயின; சூரியகிரண் வான்சாகசக் குழுவினர் இறக்கையோடு இறக்கை உரசுமோ என்று நெஞ்சம் பதைக்கும்படி அணிவகுத்தனர்; 1947இல் ஸ்ரீநகருக்குத் துருப்புகளை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் இனத்தைச் சேர்ந்த கிழட்டு விமானம் ஒன்றும் நிதானமாக வந்து போயிற்று. சம்ஹாரக் கருவிகளை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்று கேட்கும் சான்றோர் உண்டு. ஜனங்கள் தங்கள் வரிப்பணத்தில் வாங்கியதை ஒருநாள் கண்ணாரப் பார்ப்பதில் பிழையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காட்சியில் ஆகாயத்துக்கு மட்டும் எவ்வளவு துல்லியமான பாதுகாப்புக் கணக்கு இருந்தது என்பதே இங்கு யோசிக்கத்தக்கது. அந்தக் கணக்கு ரத்தத்தால் எழுதப்பட்டது. 1952 செப்டம்பர் 6ஆம் தேதி, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் நடந்த விமானக் காட்சியில், ஜான் டெரி ஓட்டிய டி.எச். 110 விமானம் கூட்டத்தை நோக்கித் திரும்புகையில் நடுவானில் சிதறி, அதன் எஞ்சின் ஜனத்திரளின்மீது விழுந்ததில், பார்வையாளர் 29 பேரும் விமானத்திலிருந்த இருவரும் மாண்டனர். (சற்று நேரத்துக்கெல்லாம் இன்னொரு விமானியான நெவில் டியூக் தம் ஹண்டர் விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே கிளம்பினார், அதை வீரம் என்பதா, விபரீதம் என்பதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.) அந்த விபத்துக்குப் பின்னர், விமானங்கள் கூட்டத்திலிருந்து இத்தனை தூரம் விலகியே பறக்கவேண்டும் என்ற நியதிகள் இறுகின, 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் விமானக் காட்சியொன்றில் நேர்ந்த கோர விபத்து அவற்றை மேலும் இறுக்கிற்று. மெரினாவிலோ கடலே இயற்கையான காப்புவெளியாக வாய்த்திருந்தது. வானத்திலிருந்து ஒரு துரும்பும் எவர்மேலும் விழவில்லை.

ஆயினும் அன்று கீழே, வெயிலின் கொடுமையால், ஐந்து உயிர்கள் போயின. பதினைந்து லட்சம் பேர் கூடினர் என்றார்கள். அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், நிழலற்ற மணலில் அவ்வளவு பேருக்குக் குடிநீர் எங்கே, காட்சி முடிந்த அதே கணத்தில் எழுந்து நடக்கும் அத்தனை பேரையும் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி போன்ற சிறிய ரயில் நிலையங்கள் தாங்குமா என்ற வினாக்களுக்கு முன்கூட்டியே விடை கண்டிருக்க வேண்டும். விமானி ஒருவரின் ஒவ்வொரு கரணத்துக்கும் ஒத்திகை நடந்தது. கூட்டம் கலையும் விதத்துக்கு ஒத்திகை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் விந்தை, குறித்த வேளை. காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை என்றார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் உச்சியைத் தொடுவது ஏறக்குறைய 12 மணிக்கு. அதாவது, வெயிலின் சிகரத்தை நட்டநடுவில் வைத்து, முன்னே ஒரு மணி, பின்னே ஒரு மணி என்று வகுத்ததுபோல் அமைந்துவிட்டது. அதிகாலையில் நடத்தினால், கடலைப் பார்த்து அமர்ந்தவர்களின் கண்ணில் கிழக்குச் சூரியன் கூசும் என்பது நியாயமான ஆட்சேபமே. பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை: வெயில் முதுகுப்பக்கம் சாய்ந்திருக்கும், விமானங்களின்மீது நேராக ஒளி படும், உஷ்ணமும் தணியத் தொடங்கியிருக்கும். ஐப்பசி நெருங்கும் காலமாதலால் மாலையில் இடிமழை குறுக்கிடக்கூடும். அப்படியானால் காட்சியை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாம், அல்லது ரத்துசெய்துவிடலாம்.