படத்தில் ஒரு புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை, ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டு மாமி, கையில் ஒரு காகிதக் கத்தையுடன் வந்து சேர்ந்தாள்.

"ஏம்மா, நீ பத்திரிகையில் எழுதுகிறவளாயிற்றே! இதிலே 'ஆம்' போடணுமா, 'இல்லை' போடணுமா, சொல்லேன்!"

வயதானால் ஞாபக சக்தி எப்படி மாறுகிறது என்ற ஆராய்ச்சிக்காக மாமியின் தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப் போகிறார்களாம். வியாதி ஒன்றும் கிடையாது. அறுபத்தாறு வயதிலும் மொட்டை மாடி ஏறி வடாம் பிழிகிற சரீரம். ஆனால் நான்காவது பக்கத்தில் ஒரு கேள்வி: எதிர்பாராத ஏதாவது தென்பட்டால் தங்களுக்குச் சொல்லலாமா?

"தெரிந்தால்தானே கவலை? 'இல்லை' போட்டுவிடு என்கிறார் மாமா" என்றாள் மாமி.

சகோதரிகளே, லேசான கேள்வி அல்ல இது. டாக்டர் எழுதிக் கொடுத்து எடுக்கும் ஸ்கானை அதற்கென்று படித்த நிபுணர் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். ஆராய்ச்சி ஸ்கான் அப்படியல்ல. தமக்கு வேண்டியதை மட்டும் அளந்துகொண்டு போய்விடலாம். ஆகவே, 'ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் தலை சுத்தம்' என்று யாரும் நிம்மதி கொள்ளக்கூடாது.

ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் 2,000 பேரின் மூளையைப் படம் எடுத்தார்கள். சராசரி வயது 63. 2007-ல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 7 பேருக்கு மூளையில் ரத்தம் ஓடாமல் செத்த இடம் இருந்தது. அவர்கள் அறியவே இல்லை! ரத்தக் குழாயில் சிறு வீக்கம் இருந்தவர்கள் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. அத்தகைய வீக்கத்தில் பலவற்றை வெட்டாமல் வெறுமே கவனித்து வருவதுதான் வைத்தியம். அதற்குள் வீட்டில் எத்தனை ராத்திரித் தூக்கம் போயிருக்கும்! இங்கிலாந்தில் 2014-ல் தொடங்கி ஒரு லட்சம் பேரைப் படம் எடுத்த பெரிய ஆராய்ச்சியிலும், ஆபத்தாக இருக்கலாம் என்று தகவல் சொல்லப்பட்டவர்களை விசாரித்தபோது, ஐந்தில் ஒருவருக்கே நிஜமாகப் பெரிய வியாதி.

மாமா சொல்வதுதான் சரியோ? அவசரப்படாதீர்கள். 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், நம் சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மார்பை எக்ஸ்-ரே எடுக்காமல் இருமல், ஜுரம் மட்டும் விசாரித்திருந்தால், கண்ட நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் தப்பிப்போயிருப்பார்கள். அங்கே தேடியதே அந்த நோயைத்தான் என்பது வாஸ்தவம். இருந்தாலும், மருந்து உள்ள வியாதியை அறியாமல் இருப்பதில் என்ன சுகம்?

ஆகையால், டிக் போடுவதற்கு முன் நாலு விஷயம் கேட்டு வரச் சொன்னேன். படத்தை நிபுணர் பார்ப்பாரா? ஏதாவது இருந்தால் எத்தனை நாளில், யார், நேரில் சொல்வார்கள்? மேற்கொண்டு பரிசோதனைக்குச் செலவு யாருடையது? படத்தின் பிரதி கிடைக்குமா? (தெரிந்துகொண்ட வியாதியைப் பிற்பாடு இன்ஷூரன்ஸ் மனுவில் மறைக்க முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.) இவற்றுக்கெல்லாம் புரிகிற பாஷையில் பதில் கேட்பது நம் உரிமை. பாதியில் வேண்டாம் என்று விலகவும் உரிமை உண்டு.

புதன்கிழமை மாமி கேட்டு வந்தாள். செலவைப் பற்றிய பதில் மட்டும் கொஞ்சம் வழவழவென்றுதான் இருந்ததாம். அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். தகவல் சொல்ல வேண்டிய இரண்டாவது நபர் என்ற இடத்தில் மாமாவின் பெயர் இல்லை. மகளின் பெயர் இருந்தது.

"அவர் தாங்கமாட்டார், பாவம்!" என்றாள்.